உன் பேரைச் சொல்லியிருக்கேன்

உக்காருங்க மதினி. அந்தச் சேர் கொஞ்சம் ஆடும், செவத்தோட சாத்திப் போட்டு உக்காருங்க. எனக்கு வேண்டாம், நான் நின்னுக்கிடுதேன். நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும். பதினேழு வருசப் பழக்கம்லா.

டீ குடிச்சியளா? ராத்திரி பூரா பஸ்ஸுல வந்திருக்கிய, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. காலையில எட்டு மணிக்கு மேனேஜர் எனக்குப் போன் போட்டாரு. 'தங்கபுஷ்பம், பிரம்மசக்தியோட அம்மா சாத்தான்குளத்துல இருந்து ஹாஸ்டலுக்கு வந்திருக்காங்களாம். பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாங்களாம். நீங்க ஊர்க்காரங்க, நீங்களே பேசிருங்க'ன்னாரு. நான்தான் மதினி உங்க மக வேலை பாக்குற கல்யாணப் பட்டு செக்ஷனுக்கு இன்சார்ஜ். உங்க மக சொல்லியிருப்பாளே, புஷ்பம் அக்கா, புஷ்பம் அக்கான்னு. சொன்னாளா? ம். நல்லாத்தான் சொல்லியிருப்பா.

அவ மேல குளிக்கப் போயிருக்கா. அறுபது பேருக்கு அஞ்சு பாத்ரூம், வர நேரமாவும். அதுக்குள்ள நாம பேசிக்கிடுவோம். பத்து மணிக்கு நாங்க கடையில இருக்கணும். இன்னைக்கி முகூர்த்தக் கூட்டம் வேற.

என்ன வெவரம்? பிள்ளைக்குத் தூக்கம் இல்ல, கால் வீங்கியிருக்கு, இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நடக்கா. அதான? போன்ல அழுதாளா? அழமாட்டாளே அவ. ஓ, உங்க மவன் கண்டுபிடிச்சானா! ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் அக்கா ஆன்லைன்ல இருக்கான்னு அவன் வந்து சொன்னானாக்கும். இந்தப் போன் வந்ததுல இருந்து எதையும் மறைக்க முடியல போங்க.

மதினி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. கடையில நிக்கவளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும். வீங்காத காலு இந்த ஹாஸ்டல்ல ஒண்ணு கிடையாது. அதுக்காக ஒவ்வொருத்தி அம்மாவும் பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டா கடைய யாரு நடத்துறது? வலிய விடுங்க. தூக்கம் இல்லன்னு சொல்லுதியள்லா, அது வேற. அது நல்லதுக்குத்தான். சிரிக்காதிய, நெசமாத்தான் சொல்லுதேன். எனக்கு நடந்ததச் சொன்னா உங்களுக்கே புரியும்.

எனக்கு உடன்குடி பக்கம். கட்டுனவரு பம்பாய்க்குப் போறேன்னு போனாரு, பம்பாய்லயே இருந்துக்கிட்டாரு. பிள்ள குட்டி கிடையாது. முப்பது வயசுல இங்க வந்தேன். வந்த புதுசுல காட்டன் செக்ஷன், பொறவு சில்க் காட்டன், பொறவு பட்டு. அப்பல்லாம் கடை முடிஞ்சு வந்து, சோத்தத் தின்னு, பாயில விழுந்தா, காலையில பைப்புல தண்ணி வார சத்தம் கேட்டுத்தான் முழிப்பேன். கால் அப்பவும் வலிச்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா வலி அது பாட்டுக்கு வலிச்சுக்கிட்டுக் கிடக்கும், நான் என் பாட்டுக்குத் தூங்குவேன். எங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்தது கிடையாது.

அப்படி இருக்கையிலதான் ஒரு தீபாவளிக்கு முந்தின நாளு. விடிய விடிய யாவாரம். முடிஞ்சு சின்ன முதலாளி எல்லாருக்கும் ஸ்வீட் டப்பா குடுக்காரு. என் கையில டப்பாவ வச்சுக்கிட்டே சொன்னாரு, 'புஷ்பம் அக்கா, நாலாவது மாடி திறந்தா கல்யாணப் பட்டு உங்க கையிலதான்'னு. டப்பாவக் குடுத்துக்கிட்டே சொன்னாரு. அடுத்தவளுக்கு டப்பா எடுத்துக்கிட்டே சொன்னாரு. எத்தனை பேருக்கு நடுவுல! எனக்குப் பின்னால நின்ன சுயம்புக்கனி, 'என்னட்டி சொன்னாரு?'ன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னுட்டேன். சொன்னாக் கண்ணு பட்டுரும்லா.

அன்னைக்கி ராத்திரி தூக்கம் போனது மதினி.

கவலையில இல்ல. சந்தோசத்துல. படுத்துக்கிட்டு, இல்லாத நாலாவது மாடியில ரேக்கு அடுக்க ஆரம்பிச்சேன். முதல் ரேக்குல அரக்கு. முகூர்த்தத்துக்கு எடுக்க வாரவிய முதல்ல கேக்கது அரக்குதான். அதுக்குப் பக்கத்துல மாம்பழ மஞ்சள். அதத் தாண்டி மயில் கழுத்து. வாடாமல்லிய எங்கன வைக்க? கண்ணுக்கு நேரா வச்சா மத்த கலரையெல்லாம் அமுக்கிரும். கீழ வச்சா குனிஞ்சு எடுக்கணும், இடுப்பு போயிரும். ஒரு ராத்திரி பூரா அந்த வாடாமல்லியோடயே போச்சுன்னா பாத்துக்கிடுங்க. மறுநாள் கண்ணு எரியும், கழுத்து மரக்கட்டையாட்டம் இருக்கும். ஆனா மனசு மட்டும் துள்ளிக்கிட்டுக் கிடக்கும்.

அந்த வருசந்தான் ஸ்டூலு வந்துச்சு. சட்டம் போட்டாவள்லா, கடையில நிக்கிறவியளுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு. நீலக் கலர்ல பிளாஸ்டிக் ஸ்டூலு, ரெண்டு பேருக்கு ஒண்ணு. கஸ்டமர் இல்லாத நேரம் உக்காரலாம்னு மேனேஜர் வந்து சொல்லிட்டுப் போனாரு. ஸ்டூலக் கண்டதும் பிள்ளைய மூஞ்சியப் பாக்கணுமே, பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்துக் குடுத்த மாதிரி. சுயம்புக்கனி முதல் ஆளா உக்காந்தா. உக்காந்து காலு ரெண்டையும் நீட்டி, 'ஆத்தாடி'ன்னா பாருங்க, அந்த மாடி பூரா கேட்டுது.

நான் உக்காரல.

எங்க கவுண்டருக்கு நேர் மேல கேமரா. சின்ன முதலாளி ரூம்புல டிவியில எல்லாம் தெரியும். யாரு உக்காருதா, யாரு நிக்கான்னு அவரு பாப்பாருல்லா? நாலாவது மாடிய யாருட்டக் குடுக்கலாம்னு யோசிக்க மனுசன் பாக்கத்தான செய்வாரு? உக்காரலாம்னு சொல்லுதது சட்டத்துக்கு. உக்காராதவ யாருன்னு பாக்கதுதான் பரீட்சை. அத நான் பிடிச்சுக்கிட்டேன். மத்தவளுவளுக்கு அந்த மூளை இல்ல. சுயம்புக்கனி கேப்பா, 'சட்டமே உக்காருங்குது, நீ என்னத்துக்குட்டி கொக்கு மாதிரி நிக்க?'ன்னு. சிரிச்சுக்கிட்டு நிப்பேன். ஒரு தடவ ஸ்டாக்கு நோட்டுல கையெழுத்து வாங்க அந்த ரூம்புக்குப் போனேன். டிவியில கிரிக்கெட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கி ஏதோ பெரிய மேச்சு போல.

பத்து மாசம் மதினி. பத்து மாசம் அந்த ஸ்டூல்ல என் புடவைத் தலைப்பு கூடப் படல. குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். காலையில தரையில கால வைக்கும்போது கண்ணுல தண்ணி முட்டும். கெண்டைக்கால்ல நரம்பு புழுவாட்டம் சுருட்டிக்கிட்டு வெளிய வந்துருச்சு. அதுக்குன்னு ஒரு இறுக்கமான சாக்ஸ் இருக்கு, அதப் போட்டுக்கிட்டு மேல புடவையக் கட்டிருவேன், ஒருத்திக்கும் தெரியாது. ராத்திரி அந்த சாக்ஸக் கழத்துனா கால் குறுகுறுன்னு வரும், பொறவு எங்க தூங்க? ரேக்கு அடுக்கப் போயிர வேண்டியதுதான்.

அந்த நேரத்துல லேபர் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா சோதனைக்கு வந்தாவ. சின்ன வயசு, நல்ல பிள்ள. நேரா எங்கிட்ட வந்து, 'உக்கார விடுறாங்களாம்மா?'ன்னு கேக்காவ. மேனேஜர் எனக்குப் பின்னால நிக்காரு. 'உக்காருதோம்மா, நல்லா உக்காருதோம்'ன்னேன். 'உக்காந்து காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்'ன்னாவ. அன்னைக்கித்தான் முதல் தடவ அந்த ஸ்டூல்ல உக்காந்தேன். கேமராவுக்கு நல்லாச் சிரிச்சேன். போட்டோ எடுத்தாச்சு, எந்திரிங்கன்னாவ. எந்திரிக்க முடியல! இடுப்பு பிடிச்சுக்கிட்டு. நின்னு நின்னு இறுகிக் கிடந்த இடுப்பு, ஒரு நிமிசம் மடக்குனதும் அப்படியே பூட்டிக்கிட்டு. அந்தம்மா, 'என்னம்மா, முடியலையா?'ன்னு பதறுதாவ. 'இல்லம்மா, சொகமா இருக்கு, அதான் எந்திரிக்க மனசில்ல'ன்னேன். அவிய போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பொறவு சுயம்புக்கனியும் இன்னொருத்தியும் கைய குடுத்துத் தூக்கி விட்டாளுவ.

அதுக்குப் பொறவு டாக்டர்ட்டப் போனேன். அவரு காலப் பாத்தாரு, இடுப்பப் பாத்தாரு, தூங்குதியளான்னு கேட்டாரு. இல்லன்னேன். 'என்ன கவலை உங்களுக்கு?'ன்னாரு. 'கவலையே கிடையாது டாக்டர், நல்லது ஒண்ணு நடக்கப் போகுது'ன்னேன். 'எப்ப நடக்கும்?'ன்னாரு. 'தெரியாது'ன்னேன். பேனாவ வச்சுட்டு என்னையே பாத்தாரு. பொறவு மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

நாலாவது மாடி தை மாசம் திறந்தாவ. மாக்கோலம், குத்துவிளக்கு, மாலை, எல்லாம் அமர்க்களம். நான்தான் ஆரத்தித் தட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். சின்ன முதலாளி ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வாராரு. ராஜதுரைன்னு பேரு, நாகர்கோயில்ல ஒரு பெரிய கடையில இருந்து கூப்பிட்டிருக்காவ. 'இனிமே இவருதான் கல்யாணப் பட்டு இன்சார்ஜ், எல்லாரும் ஒத்துழைக்கணும்'ன்னாரு. எல்லாரும் கை தட்டுதாவ. என் கையில தட்டு, நான் எங்க தட்ட? தட்டு சாயாமப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அழுதேன் மதினி. மறைக்க என்ன இருக்கு. ஹாஸ்டலுக்கு வந்து, பாத்ரூம்ல பைப்பத் திறந்து விட்டுட்டு அழுதேன். வாளி நிரம்பி வழியிற வரைக்கும் அழுதேன். அழுதுட்டு வந்து பாயில விழுந்தேன் பாருங்க. காலையில சுயம்புக்கனி வந்து உலுக்குதா. எனக்கு உசுரு இருக்கான்னு மூக்குல கை வச்சுப் பாத்தாளாம்.

பதினோரு நாள் அப்படித் தூங்குனேன். எண்ணி வச்சிருக்கேன், பதினோரு நாளு. இருட்டுல எந்த ரேக்கும் இல்ல, அரக்கும் இல்ல, வாடாமல்லியும் இல்ல. கடையில ஸ்டூல்ல உக்காந்தேன். கேமரா பாத்தா பாத்துட்டுப் போகுதுன்னு உக்காந்தேன். குதிகால் வலி பாதி போச்சு. மாத்திரை அதே மாத்திரைதான், சாக்ஸ் அதே சாக்ஸ்தான். சுயம்புக்கனிக்கு ஒரே சந்தோசம், 'இப்பத்தான்ட்டி உன் மூஞ்சி மூஞ்சியா இருக்கு'ன்னா. மத்தியானம் சோறு ருசியா இருந்துச்சு. பஸ்ஸுல போற ஒரு சின்னப்பிள்ள கையாட்டுச்சு, நானும் கையாட்டுனேன்.

என்ன மதினி அப்படிப் பாக்கிய? அது நல்ல நாளு இல்லையான்னு கேக்கியளா? இல்ல மதினி. அது என்ன பொழப்பு? ஒண்ணும் வேண்டாம்னு தூங்குதது. ஆடு மாடு தூங்குத மாதிரி. மனுசின்னா முன்னால ஏதாவது இருக்கணும்லா.

பன்னெண்டாவது நாளு சின்ன முதலாளி எங்க கவுண்டர் பக்கம் வந்தாரு. நான் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சேன். 'அக்கா, ராஜதுரைக்கு லேடீஸ்ட்டப் பேசத் தெரியல. ரொம்ப நாள் தாங்க மாட்டாரு. கொஞ்சம் பொறுங்க'ன்னாரு. அவ்வளவுதான். அன்னைக்கி ராத்திரி பழையபடி ரேக்கு அடுக்குனேன். மறுநாள்ல இருந்து ஸ்டூலு கிடையாது. சுயம்புக்கனி எங்கூடப் பேசுததையே விட்டுட்டா. அடுத்த வருசம் முதுகு முடியாம ஊருக்குப் போயிட்டா. உக்காந்து உக்காந்தும் அவளுக்கு முதுகு போச்சு, நின்னு நின்னும் நான் இருக்கேன். அதான் சொல்லுதேன், எல்லாம் மனசுலதான் இருக்கு.

ரெண்டு வருசம் ஆச்சு. ராஜதுரை துபாய்க்குப் போனாரு. நான் இன்சார்ஜ் ஆயிட்டேன். இந்தா, பேட்ஜப் பாருங்க. பேருக்குக் கீழ போட்டிருக்காவள்லா. நெனைச்சது நடந்துச்சா இல்லையா? அந்தப் பதினோரு நாள் மாதிரியே நான் தூங்கிக்கிட்டு இருந்தா இது வந்திருக்குமா?

வாடாமல்லிய எங்கன வச்சேனா? அத ஏன் கேக்கிய. ரேக்கெல்லாம் கம்பெனிக்காரன் வந்து அடிச்சு, எது எங்கன்னு நம்பர் ஒட்டிட்டான். நாம மாத்த முடியாது.

இப்பத் தூங்குதியளான்னு கேக்கியளாக்கும். நீங்க ஆளு அமைதியா இருந்துக்கிட்டு நல்லாக் கேக்கிய மதினி. இப்ப எப்படித் தூங்க? திருநவேலியில கிளை திறக்கப் போறாவளாம். 'ஊர்ப்பக்கம் பழக்கமான ஆளாப் போட்டா நல்லது'ன்னு சின்ன முதலாளி மேனேஜர்ட்டச் சொல்லுதாரு. நான் அங்கனதான் நிக்கேன். என்னை வச்சுக்கிட்டு எதுக்குச் சொல்லணும்? அத நெனைச்சாக் கண்ணு மூட மாட்டேங்குது. மூட்டு வேற இப்பப் புதுசா ஆரம்பிச்சிருக்கு. பரவாயில்ல.

உங்க மக விசயத்துக்கு வாரேன். அவ வந்தப்ப மத்தவளுவ மாதிரித்தான் இருந்தா. கஸ்டமர் போனதும் ஸ்டூல்ல உக்காந்துருவா. கால நீவி விட்டுக்கிடுவா. ராத்திரி படுத்தா குறட்டை, பக்கத்துப் பாயில படுத்திருக்கவ எங்கிட்ட வந்து புகார் சொல்லுவா. ஆனா வேலை சுத்தம். ஒரு பட்டப் பிரிச்சுத் தோள்ல போட்டுக் காட்டுனான்னா, வந்தவிய அதத் தவிர இன்னொண்ணப் பாக்க மாட்டாவ. அவளப் பாத்தா எனக்கு என்னையே பாத்த மாதிரி இருக்கும். ஆவணி முகூர்த்தம் வந்துச்சு. ரெண்டு பேரு லீவு, கூட்டம் தாங்கல. இவ ஒரு ஓரமா ஸ்டூல்ல உக்காந்து கெண்டைக்காலத் தடவிக்கிட்டு இருக்கா. எந்திரிட்டின்னா எந்திரிப்பா, தலை மறைஞ்சா திரும்ப உக்காருவா. திட்டுதது எனக்குப் பிடிக்காது. அதனால பக்கத்துல போயி மெதுவாச் சொன்னேன், 'பிரம்மசக்தி, ரெண்டாவது மாடிக்கு ஒரு இன்சார்ஜ் கேக்காவ. உன் பேரைச் சொல்லியிருக்கேன்'னு.

ஒரே ஒரு வார்த்தைதான் மதினி. அந்தப் பிள்ள எந்திரிச்சுது. அன்னைக்கி எந்திரிச்சவ இந்த மூணு மாசமா உக்காரல. நான் ஒண்ணும் சொல்லல, அவளாத்தான் நிக்கா. யாவாரம் அவ கையில ரெண்டு மடங்கு. மேனேஜர் எங்கிட்டயே கேட்டாரு, 'இந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து குடுத்திய?'ன்னு.

ராத்திரியில நான் தண்ணி குடிக்க எந்திரிப்பேன், எனக்குத்தான் தூக்கம் இல்லையே. போகும்போது பாத்தேன், அவளும் முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கா. வாய் மட்டும் அசையுது. ஜெபமா மந்திரமான்னு குனிஞ்சு கேட்டா, 'காட்டன் இந்தப் பக்கம், சுடிதார் அந்தப் பக்கம்'ங்கா. ரெண்டாவது மாடிய அடுக்கிக்கிட்டு இருக்கா மதினி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிப்புத்தான் வந்துச்சு, பொறவு என்னமோ நெஞ்சக் கரிச்சுது. ராத்திரி சாம்பார்ல புளி கூடிப் போச்சு அன்னைக்கி.

மதினி, அழாதிய. எதுக்கு அழுதிய? பிள்ள முன்னுக்கு வாரத நெனைச்சு சந்தோசப்படணும்லா. அன்னா வாரா பாருங்க. ஏ பிரம்மசக்தி, மெதுவா இறங்கு, படி ஈரமா இருக்கு.

கண்ணத் தொடச்சுக்கிடுங்க, அவ பாக்கப் போறா. ஏன் அப்படிச் சரிஞ்சு இறங்குதான்னா, நேரா இறங்குனா முட்டி மடங்காது. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு ஒண்ணா ஒருக்களிச்சு இறங்குனாச் சுலபம். எல்லாரும் அப்படித்தான் இறங்குவோம். எத்தனை வயசு அவளுக்கு? இருபத்தாறா? ம்.

வா பிரம்மசக்தி. உங்கம்மா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்காவ. நான் ஒண்ணும் தடுக்கல. நீயே பதிலச் சொல்லு.

கேட்டியளா மதினி? வரமாட்டேங்கா. 'பொங்கல் வரைக்கும் பொறும்மா, நல்லது ஒண்ணு நடக்கப் போகுது'ங்கா. நான் சொல்லிக் குடுக்கல, சத்தியமா. அவளாச் சொல்லுதா. சரி நீ போயி சாப்பிடு தாயி, உப்புமா ஆறிரும். உங்கம்மாவ நான் பாத்துக்கிடுதேன். என்னையப் பாத்து எப்படிச் சிரிச்சுட்டுப் போறா பாத்தியளா. கண்ணுக்குக் கீழ கருப்பா, மையை அப்பிவிட்ட மாதிரி. சிரிப்பு மட்டும் இருக்கு.

அப்ப முடிஞ்சுது. பிள்ளையே சொல்லிட்டா. மேனேஜர் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன், அம்மா சம்மதிச்சுட்டாவன்னு. நீங்க அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புங்க மதினி. பையக் குடுங்க, வாசல் வரைக்கும் நான் கொண்டு வாரேன்.

என்ன, பையக் குடுக்க மாட்டேங்கிய? எந்திரிங்க மதினி. ஏன் அப்படியே உக்காந்திருக்கிய? ஏதாவது சொல்லுங்களேன். ஏசணும்னா ஏசுங்க.

எனக்கு ஒருத்தரும் வரல மதினி. பத்து மாசம் நின்னேனே, அதுக்குப் பொறவு ரெண்டு வருசம் நின்னேனே, பையத் தூக்கிக்கிட்டு, ராத்திரி பஸ்ஸுல, 'ஏளா புஷ்பம், போதும் வா'ன்னு ஒருத்தர் வரல. வந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். உங்க மக சொன்னதத்தான் சொல்லியிருப்பேன். அவிய இப்படியே சேர்ல உக்காந்திருப்பாவ.

கதவச் சாத்துதேன். இங்கன ஒண்ணு பேசுனா கிச்சன் வரைக்கும் கேக்கும்.

ரெண்டாவது மாடிக்கு ஆளு யாரும் கேக்கல மதினி. அங்க இருக்கவருக்கு இன்னும் பத்து வருசம் சர்வீசு இருக்கு. நான் யாருட்டயும் யாரு பேரையும் சொல்லல. அன்னைக்கி கூட்டம் அப்படி. அந்த நிமிசத்துக்கு வாயில வந்ததச் சொன்னேன். மறுநாளே சும்மா சொன்னேன்ட்டின்னு சொல்லியிருக்கலாம். யாவாரத்தப் பாத்தேன், சொல்லல. மேனேஜர் என்னையப் பாராட்டுனாரு, சொல்லல. திருநவேலிக் கிளை இருக்குல்லா, சொல்லல.

என்னைய அப்படிப் பாக்காதிய. சின்ன முதலாளி எங்கிட்டச் சொன்னது அவருக்கு மறந்தே போயிருக்கும், அவருக்குத் தூக்கம் போச்சா? எனக்கு மட்டும் ஏன் போகணும்?

இப்ப நான் போயிச் சொன்னா அவ நம்ப மாட்டா. அக்கா பரீட்சை வைக்காவன்னு நெனைச்சுக்கிட்டு இன்னும் நல்லா நிப்பா. எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் நெனைச்சிருப்பேன். நீங்கதான் சொல்லணும். நான் சொன்னேன்னு சொல்லாதிய, மேனேஜருக்குப் போயிரும். இல்ல. இல்ல மதினி, என் பேரைச் சொல்லியே சொல்லுங்க. தங்கபுஷ்பம் உன்னை ஏமாத்திட்டா, அவ வாயாலேயே எங்கிட்டச் சொல்லிட்டான்னு சொல்லுங்க. வேற எப்படிச் சொன்னாலும் அவளுக்கு உள்ள இறங்காது. எங்கிட்ட வந்து கேட்டா ஆமான்னு சொல்லுதேன். சொல்லிருவேன்னுதான் நெனைக்கேன். அதுக்குள்ள இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிருங்க.

கிளாம்பாக்கத்துல பதினொண்ணரைக்குப் பகல் பஸ்ஸு ஒண்ணு இருக்கு. அழுவா. என்னைய மண்ண வாரித் தூத்துவா. தூத்தட்டும். கூட்டம் பாக்குதேன்னு அடக்காதிய, அழுகட்டும். சன்னல் ஓரமா உக்கார வச்சு, முன் சீட்டுக்குக் கீழ கால நீட்டச் சொல்லுங்க. திண்டிவனம் தாண்டுமுன்ன தூங்கிருவா. மதியச் சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவான், எழுப்பாதிய மதினி.